கண்ணாடிக்காரர் வண்டி பார்த்த கதை

ஒன்பது நாளில் நான்காவது முறையாகக் கண்ணாடிக்காரர் அந்த ஷோரூமுக்குள் நுழைந்தபோது, வாசல் காவலாளி கதவைத் திறந்துவிட எழுந்திருக்கக்கூட இல்லை. வீட்டு ஆள் வந்துபோகிற மாதிரி தலையை மட்டும் ஆட்டினார்.

உள்ளே மூன்று பிக்கப் வண்டிகள் பக்கம்பக்கமாக நின்றன. பார்க்கப்போனால் மூன்றும் ஒரே வண்டிதான். ஒரே எஞ்சின், ஒரே நீளம், ஒரே இரும்பு. ஆனால் பெயர் மூன்று, விலை மூன்று. முதலில் நின்றது பேஸ் மாடல். வெள்ளை பெயின்ட், கறுப்பு பம்பர், தரையில் ரப்பர், கையால் சுற்றி இறக்குகிற ஜன்னல். அடுத்தது நடு மாடல். வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் கடைசி வண்டிக்குப் போனார்கள். நின்று பார்த்தவர் எவருமில்லை. கடைசியில் டாப் மாடல். தோல் சீட்டு, பெரிய அலாய் சக்கரம், கேபினுக்குப் பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியின் குறுக்கே வளைந்து நிற்கும் பளபளப்பான குழாய், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் சிலேட்டு அளவுக்கு ஒரு திரை.

அந்தத் திரைக்காகத்தான் அவர் வந்துகொண்டிருந்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

"வாங்க சார்," என்றாள் விற்பனைக்காரப் பெண். "இன்னிக்கு எதை அளக்கப் போறீங்க?"

"கிண்டலா?"

"ஐயோ, இல்ல சார். நேத்து நீங்க கேட்டுட்டுப் போன அளவு எங்க மேனேஜருக்கே தெரியல. கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்டார். அவங்களும் அளந்துதான் சொல்லணும்னுட்டாங்க."

அவர் இடுப்பில் செருகியிருந்த டேப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அளக்க இனி எதுவும் மிச்சமில்லை. தொட்டியின் நீளம், அகலம், உள்ளே சக்கரத்துக்காகப் புடைத்திருக்கும் மேடு, தரையிலிருந்து தொட்டியின் உயரம், எல்லாம் அவருடைய நோட்டில் இருந்தன.

"அந்தக் கேமராவை இன்னொரு தடவை போட்டுக் காட்டும்மா."

அவள் ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் கியரைப் போட்டாள். திரையில் வண்டி, மேலே பறக்கும் பறவை பார்ப்பதுபோல், நடுவில் சின்னதாகத் தெரிந்தது. சுற்றிலும் நாலு பக்கமும் ஷோரூமின் தரை.

"ஒரு பூனை குறுக்க போனாக்கூட கத்திடும் சார்."

"பூனையை விடு. சின்னப் பிள்ளைங்க ஓட்டுற மூணு சக்கர சைக்கிள் தெரியுமா? பின்சக்கரத்துக்குப் பக்கத்துல, ஓரமா நின்னா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "தெரியும் சார். ஏன் சார்?"

"சும்மாதான். இதை மட்டும் வெளியில வாங்கி பேஸ் மாடல்ல மாட்டிக்க முடியாதா?"

"வெளியில கிடைக்கிறது பின்பக்கம் மட்டும்தான் காட்டும். பக்கவாட்டும் வேணும்னா நாலு கேமரா வேணும். அது டாப்ல மட்டும்தான்."

அவர் தலையாட்டினார். தலை மேலும் கீழும் ஆடியது. பக்கவாட்டில்தான் தகராறு.

முப்பத்தோரு வருஷமாக அவருக்குக் கண்ணாடித் தொழில். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. உடைத்து உடைத்துத் தெரிந்துகொண்டது. ஜன்னலுக்கு, கடை முகப்புக்கு, குளியலறைக்கு என்று அளவெடுத்து, பட்டறையில் வெட்டி, கொண்டுபோய்ப் பொருத்திக் கொடுப்பார். கல்யாணமான மறு வருஷத்திலிருந்து மனைவிதான் மறுமுனையைப் பிடிக்கிறவள். அவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கண்ணாடியைத் தோளில் சாய்த்துத் தூக்குகிறவர் தலையை எப்போதும் ஒரே பக்கம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். முப்பத்தோரு வருஷம் இடது பக்கமே ஒதுக்கிய தலை, இரண்டு வருஷமாக வலது பக்கம் திரும்ப மறுத்தது. முதலில் சுளுக்கு என்று நினைத்தார். பிறகு நினைப்பதை விட்டுவிட்டார்.

அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கையில் கண்ணாடி இருக்கும் இடத்தில் யாரும் குரலை உயர்த்தக்கூடாது. திடீரென்று ஒருவர் கத்தினால் தூக்கியிருப்பவர் திடுக்கிடுவார். திடுக்கிட்டால் கண்ணாடி போகும், சில நேரம் விரலும் போகும். அதனால் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது "வா வா", "நில்லு நில்லு" எல்லாம் அவர்களிடம் கிடையாது. மனைவி வண்டிக்குப் பின்னால் நின்று அதன் உடம்பில் உள்ளங்கையால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் வா. இரண்டு தட்டு என்றால் நில். யார் ஏற்படுத்தியது, எப்போது ஏற்பட்டது என்று இருவருக்குமே நினைவில்லை. அவருக்குக் காது கேட்பதற்கு முன்னால் கால் கேட்டுவிடும். ஒரு தட்டு விழுந்தால் பிரேக்கிலிருந்து கால் தானாக எழும்பும்.

மூன்று வாரத்துக்கு முன் அந்தக் கால்தான் அவரைக் கவிழ்த்தது.

அன்று மனைவி ஒரு கடையில் கண்ணாடி ஓரங்களுக்கு சிலிக்கான் பசை பூசிக்கொண்டிருந்தாள். அவர் மட்டும் ஒரு சந்து வீட்டில் குளியலறைக் கண்ணாடியை இறக்கக் கிளம்பினார். வீட்டுக்காரர் கைகொடுக்க, இறக்கியாகிவிட்டது. வண்டியின் ரேக்கில் இன்னும் இரண்டு முகம்பார்க்கும் கண்ணாடிகள் இருந்தன. முகக்கண்ணாடி ஏற்றினால் பின்னால் பார்க்கிற வேலையே கிடையாது. உள்கண்ணாடியில் எட்டிப் பார்த்தால் நம் பிடரிதான் தெரியும். கழுத்தை வெளியே நீட்டித் திரும்பிப் பார்க்க வேண்டும். அவர் நீட்டினார். கழுத்து திரும்பவில்லை. சந்து காலியாகத்தானே இருந்தது என்று வண்டியைப் பின்னால் விட்டார்.

பக்கத்து மதிலுக்கு வெள்ளை பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த பெயின்டர் ஓடிவந்து வண்டியின் பக்கவாட்டில் பலமாக ஓர் அடி அடித்தார். ஒரே ஓர் அடி.

உலகத்தில் வேறு எந்த டிரைவராக இருந்தாலும் நிறுத்தியிருப்பார். இவருடைய கால் பிரேக்கிலிருந்து எழும்பியது.

சக்கரத்தடியில் ஏதோ நொறுங்கியது. இறங்கிப் பார்த்தபோது மூன்று சக்கர சைக்கிள் ஒன்று பாயாகக் கிடந்தது. அதற்குச் சொந்தக்காரி, நாலு வயது இருக்கும், இரண்டடி தள்ளி பிஸ்கட்டைக் கடித்தபடி நின்று அதையே பார்த்தாள். அழவில்லை. எதற்காக அழ வேண்டும் என்று இன்னும் முடிவாகவில்லை போலிருந்தது.

"தட்டினேன்ல? காது என்ன செவிடா?" என்று கத்தினார் பெயின்டர்.

அவரிடம் என்ன சொல்வது? நீ தட்டியதால்தான் வந்தேன் என்றா?

மறுநாளே புது சைக்கிள் வாங்கிக்கொண்டு போனார். "குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே, விடுங்க," என்றாள் தாய். குழந்தை சைக்கிளைச் சுற்றிவந்து, "மணி இல்ல," என்றது. திரும்பிப் போய் மணியும் வாங்கி வந்து மாட்டிக்கொடுத்தார். அத்துடன் முடிந்தது என்று ஊர் சொல்லும். வண்டியின் பக்கவாட்டில் பெயின்டரின் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருந்தன. சைக்கிள் நொறுங்கிய அன்றே, மனைவியை அழைத்துவரப் போகுமுன், தின்னர் போட்டுத் துடைத்திருந்தார். வெள்ளை போயிற்று, அடியிலிருந்த பழைய பெயின்டும் சேர்ந்து போயிற்று.

"இங்க என்னத்தைத் தேச்சீங்க?" என்று கேட்டாள் அவள்.

"சிலிக்கான் ஒட்டியிருந்தது."

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வண்டிக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவருவார். போகும் வழியெல்லாம் மூன்று சக்கர சைக்கிள்களாகவே கண்ணில் பட்டன. இத்தனை நாள் இவையெல்லாம் எங்கே இருந்தன? வண்டியை எடுப்பதற்கு முன் ஒருமுறை சுற்றிவந்து பார்ப்பார். ஏறி உட்கார்ந்ததும் அதற்குள் ஏதாவது வந்திருந்தால் என்று மறுபடி இறங்குவார்.

"பின்னால முள்ளா குத்துது? ஒரு இடத்துல உக்கார மாட்டீங்களா?" என்பாள் மனைவி.

சொல்லிவிடலாம். சொன்னால், கழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழுத்தைப் பற்றிச் சொன்னால் வண்டி ஓட்டாதே என்பாள். ஓட்டாத கண்ணாடிக்காரரை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சைக்கிள் கிடந்த இடத்தில் அந்தக் குழந்தை கிடந்திருந்தால் என்பதையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் அவர் அலைந்துகொண்டிருந்தபோதுதான் பழைய வண்டியின் தகுதிச் சோதனை வந்தது. வண்டியின் அடிச்சட்டத்தில் துரு, மாதக் கடைசிவரைதான் ஓடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். புது வண்டி வாங்கியே ஆக வேண்டும் என்றானதும் அவர் மனம் நேரே அந்தத் திரையில் போய் ஒட்டிக்கொண்டது. நாலு பக்கமும் காட்டும். யார் தட்டலும் வேண்டாம், கழுத்தும் வேண்டாம்.

ஆனால் தொழில்காரக் கண் சும்மா இருக்குமா? டாப் மாடலின் தொட்டி பேஸ் மாடலைவிட ஐந்து சென்டிமீட்டர் உயரம். பெரிய சக்கரத்தின் வேலை அது. ஐந்து சென்டிமீட்டர் என்ன பெரிய உயரம் என்று கண்ணாடி தூக்காதவர்கள் கேட்கலாம். அஞ்சுக்கு ஏழடி, எட்டு மில்லிமீட்டர் கண்ணாடி அறுபது கிலோவுக்கு மேல். அதை இடுப்புவரை இரண்டு பேர் தூக்கலாம். இடுப்புக்கு மேலே போகும் ஒவ்வொரு விரற்கடையும் முதுகிலிருந்து வர வேண்டும். போதாததற்கு டாப் மாடல் ஏற்றும் பாரம் நூற்றிருபது கிலோ குறைவு. தோல் சீட்டும் திரையும் காற்றிலா தொங்குகின்றன? அவற்றின் எடையும் வண்டிக்கு எடைதான். விலை வித்தியாசமோ பட்டறையின் ஒரு வருஷ வாடகை.

வியாழக்கிழமை மாலை மச்சினன் பட்டறைக்கு வந்தான். மனைவியின் தம்பி, வெல்டிங் வேலை. கண்ணாடி சாய்த்துவைக்கும் ரேக்கைப் புது வண்டிக்குச் செய்துதர வேண்டியவன் அவன்தான். கண்ணாடிக்காரர் வரைந்துவைத்த படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"மாமா, இந்தக் குழாய் என்ன?"

"டாப் மாடல்ல வருது."

"வரட்டும். அது குறுக்க நின்னா நம்ம ரேக்கை எங்க நிறுத்துறது? உங்க தலைமேலயா?"

"ரேக்கைக் கொஞ்சம் குட்டையாக்கு."

"குட்டையாக்கினா ஏழடிக் கண்ணாடி குப்புற விழும். இதை நான் உங்களுக்குச் சொல்றேன் பாருங்க! எனக்கு இதைச் சொன்னதே நீங்கதானே?" அவன் அக்காவின் பக்கம் திரும்பினான். "அக்கா, மாமாவுக்கு தோல் சீட்டு கேக்குது. வயசு திரும்புது. அடுத்தது கறுப்புக் கண்ணாடி, தலைக்கு மை."

"இருபத்தெட்டு வருஷம் சாக்கு விரிச்ச சீட்டுல என்னை உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போன மனுஷன்," என்றாள் அவள், சிலிக்கான் துப்பாக்கியின் முனையைத் துடைத்தபடி. "இப்பத்தான் உடம்புல சதை இருக்குன்னு தெரிஞ்சிருக்கு."

இருவரும் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தார். ஆசைப்பட்ட கிழவன் என்ற பெயர் மேல். ஓட்டத் தெரியாத கிழவன் என்ற பெயருக்கு அது எவ்வளவோ தேவலை.

சிரிப்பை முடிப்பதற்காக வெட்டும் மேசைக்குப் போனார். மறுநாள் பொருத்த வேண்டிய ஜன்னல் கண்ணாடி காத்திருந்தது. நோட்டைப் பார்த்து, ஐந்து மில்லிமீட்டர் கழித்து, அளவுச்சட்டத்தை வைத்து, எண்ணெய் தொட்ட கண்ணாடி வெட்டியால் ஒரே இழுப்பு. மேசை விளிம்பில் வைத்து அழுத்தினார். டக்கென்று சுத்தமாகப் பிரிந்தது. வெட்டு நல்ல வெட்டுதான். அளவுதான் தப்பு. ஜன்னலின் அளவில் ஓரத்து இடைவெளிக்கென்று ஐந்தை அவர் அந்த வீட்டிலேயே கழித்து எழுதியிருந்தார். இப்போது இன்னொருமுறை கழித்துவிட்டார். கண்ணாடியைக் கூட்ட முடியாது.

மச்சினனின் வாய் அடங்கிவிட்டது. மாமா தப்பாக வெட்டி அவன் பார்த்ததில்லை. அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, நான் அப்புறம் வரேன்," என்று நழுவினான்.

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். உடைந்திருந்தால்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டாள்.

"உங்களுக்கு என்ன ஆச்சு?"

"கவனப்பிசகு."

"சனிக்கிழமை நானும் வரேன்," என்றாள். "அப்படி அந்த வண்டியில என்னதான் இருக்குன்னு பாக்கணும்."

சனிக்கிழமை காலை ஷோரூமின் பின்புற யார்டில் டாப் மாடலை நிறுத்திவைத்திருந்தாள் விற்பனைக்காரப் பெண். "யார்டுக்குள்ளயே ஓட்டிப் பாருங்க சார். அந்த ரெண்டு காருக்கு நடுவுல ரிவர்ஸ்ல விட்டுப் பாருங்க, கேமராவோட அருமை தெரியும்," என்று சாவியைக் கொடுத்துவிட்டு நிழலில் ஒதுங்கினாள்.

மனைவி தோல் சீட்டைத் தடவிப் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள். "செருப்புக்கடை வாசனை," என்றாள்.

அவர் ஒரு சுற்று சுற்றினார். வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டு காருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி ரிவர்ஸ் கியரைப் போட்டார். திரை விழித்தது. நாலு பக்கமும் காலித் தரை. நிம்மதியாகப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

அதற்குள் மனைவி கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டாள். ரிவர்ஸ் என்றால் இறங்கிப் பின்னால் நிற்பது அவள் பழக்கம்; யாரும் சொல்ல வேண்டியதில்லை. திரையின் கீழ்விளிம்பில் அவள் முளைத்தாள். மேலேயிருந்து பார்க்கிற படம் என்பதால் தலை பெரிதாகவும் உடம்பு துளியாகவும் இருந்தது. அவளைக் கண்டதும் வண்டி அலறத் தொடங்கியது. கீ கீ கீ என்று நிறுத்தாத அலறல். திரையில் அவளைச் சுற்றிச் சிவப்புக் கோடு. அவள் கையை ஓங்குவது தெரிந்தது. உள்ளங்கை வண்டியின்மேல் படுவதும் தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. தட்டுகிறாளா, எத்தனை தட்டுகிறாள், வா என்கிறாளா, நில் என்கிறாளா?

அவர் பிரேக்கை மிதித்தார். எஞ்சினையும் அணைத்தார்.

மனைவி ஜன்னலுக்கு வந்தாள். "ஏன் நிறுத்திட்டீங்க? இன்னும் மூணடி இருக்கே. ஒரு தட்டுதானே தட்டினேன்?"

"கேக்கல."

"எப்படிக் கேக்கும், இந்தப் பிசாசு கத்துற கத்துல." அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "என்னங்க? என்ன ஆச்சு? மூஞ்சி ஏன் இப்படி வெளிறிப்போச்சு?"

"ஏறி உக்காரு," என்றார்.

அவள் சுற்றிவந்து ஏறினாள். அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சந்து, ரேக்கில் இருந்த முகக்கண்ணாடிகள், பெயின்டர், பிஸ்கட் தின்ற குழந்தை, எல்லாம் சொன்னார். ஓரிடத்தில் அவள் குறுக்கிட்டாள்.

"அந்த ஆளு எத்தனை தட்டு தட்டினான்?"

"ஒண்ணு."

வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் இன்னும் பத்துக் கேள்வி வந்திருக்கும். அவளுக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. மடியில் கிடந்த தன் வலது கையை மல்லாத்திப் பார்த்தாள். பிறகு கவிழ்த்துவைத்தாள்.

"மூணு வாரமா," என்றாள். "மூணு வாரமா இதை வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு, தோல் சீட்டுக்கு ஆசைப்பட்ட கிழவன்னு என் தம்பி சிரிச்சா, நீங்களும் கூடச் சேந்து சிரிச்சீங்க. சிலிக்கான் ஒட்டியிருந்ததாம். சிலிக்கானுக்கு எவனாவது தின்னர் போடுவானா? அன்னிக்கே நினைச்சேன்."

"சொன்னா நீ பயப்படுவேன்னுதான்."

"நான் பயப்படறது இருக்கட்டும். திருப்புங்க."

"எதை?"

"கழுத்தை. வலது பக்கம்."

அவர் திருப்பினார். அவள் தன் உள்ளங்கையை அவர் முகவாய்க்கு எதிரே தடுப்புபோலப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போனாள். முகவாய் பாதி வழியில் நின்றுவிட்டது. கை போய்க்கொண்டே இருந்தது.

"அவ்வளவுதானா?"

"இன்னும் கொஞ்சம் வரும்."

"வரட்டும். இருக்கேன்."

வரவில்லை.

"அதுக்குத்தான் இந்த வண்டின்னு சொல்றேன்," என்றார் அவர் அவசரமாக. "கழுத்து திரும்பவே வேண்டாம். நாலு பக்கமும் தானா தெரியுது பாரு."

"ரிவர்ஸ்ல தெரியுது. சரி. நேரா போகும்போது? ரோடு பிரியுற இடத்துல வலது பக்கம் வண்டி வருதான்னு எப்படிப் பாப்பீங்க? அங்கேயும் ரிவர்ஸ்லயே போவீங்களா?"

போன வாரம் அப்படி ஒரு சந்திப்பில் அவர் பார்க்காமலே ஏறிப் போயிருந்தார். எதுவும் வரவில்லை. வராதது அவர் சாமர்த்தியம் அல்ல. அதை அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே படித்துக்கொண்டாள்.

"சாவியைக் குடுங்க."

"காலி வண்டின்னா நீ ஓட்டு, நான் என்ன வேண்டாம்னேனா? கண்ணாடி ஏத்தினப்புறம்..."

"ஏத்தினப்புறமும்தான்."

அவளுக்கும் லைசென்ஸ் உண்டு. பதினைந்து வருஷத்துக்கு முன் எடுத்தது. அவருடையதைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அதையும் புதுப்பிப்பார்கள். கண்ணாடி ஓரத்துக்குப் பூசும் பட்டி வாங்க, சிலிக்கான் வாங்க அவள் பழைய வண்டியை எடுத்துப்போவதுண்டு. கண்ணாடி ஏறிவிட்டால் மட்டும் சாவி அவர் பைக்குள் போய்விடும். ஏன் என்று அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் காரணம் தெரிந்திருக்காது.

"உனக்கு முதுகு வலிக்கும்," என்றார்.

"தூக்குறதுல வலிக்காத முதுகா ஓட்டுறதுல வலிக்கப் போகுது?"

சாவி கைமாறியது. அவள் இறங்கி நேரே விற்பனைக்காரப் பெண்ணிடம் போனாள். "அம்மா, இது வேண்டாம். அந்த வெள்ளை வண்டியைக் காட்டு. நான் உக்காந்து பாக்கணும்."

"நீங்களா மேடம்? சார் இல்லையா?"

"சார் அளந்து முடிச்சிட்டார்."

பேஸ் மாடலில் ஏறி அவள் உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரர் வெளியே நின்று பார்த்தார். வெளியிலிருந்து ஸ்டீயரிங்கும் அதற்கு மேலே நெற்றியும்தான் தெரிந்தன. அவள் உயரம் குறைவு. பழைய வண்டியில் கண்ணாடிக்கு நடுவே வைக்கிற கம்பளித்துணியை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் உட்காருவாள்.

"மூக்குக்கு நேரா ஸ்டீயரிங் வருது," என்றாள் உள்ளேயிருந்து. "முன்னால என்ன நிக்குதுன்னே தெரியல. சீட்டு ஏறாதா?"

"பேஸ்ல ஏறாது மேடம். முன்ன பின்ன நகரும், அவ்வளவுதான். உயரம் கூட்டணும்னா நடு மாடல்ல இருந்துதான்."

மூன்று பேரும் நடு மாடலைத் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளில் நாலு தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறார். அவருடைய நோட்டில் அதற்கென்று ஒரு வரிகூட இல்லை.

அவள் ஏறினாள். சீட்டின் ஓரத்தில் ஒரு கைப்பிடி. மேலே தூக்கித் தூக்கி விட, கிணற்றடி பம்பு அடிப்பதுபோல், ஒவ்வொரு அடிக்கும் அவள் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தாள். முதலில் கண், பிறகு மூக்கு, பிறகு முகவாய்.

"போதுமா மேடம்?"

"இரு, இன்னும் ரெண்டு அடிக்கிறேன். இவ்வளவு நாள் குட்டை ஆளா உக்காந்திருந்தேன், கொஞ்சம் மேல இருந்து பாக்குறேன்." அடித்து நிறுத்திவிட்டுப் பக்கக்கண்ணாடிக்கான பொத்தானை அழுத்திப் பார்த்தாள். வெளியே கண்ணாடி மெல்லத் திரும்பியது. "இதுல அந்தக் குழாய் உண்டா?"

"இல்ல மேடம்."

"சக்கரம்?"

"பேஸ்ல இருக்கிற அதே இரும்புச் சக்கரம்தான்."

"அப்ப தொட்டி உயரமும் அதேதான்," என்றார் கண்ணாடிக்காரர். சொல்லிவிட்டு டேப்பை இழுத்தார். பழக்கதோஷத்தில் தொட்டிப்பக்கம் நகர்ந்த கால் பாதியில் நின்றது. திரும்பிவந்து, திறந்திருந்த கதவோரம் நின்று, டேப்பின் முனையைச் சீட்டில் வைத்து அவளுடைய கண் மட்டம்வரை பிடித்தார். அவள் சிரிக்காமல் நேராக உட்கார்ந்தாள். அவர் அளவைப் படித்து நோட்டில் எழுதினார். இந்த முறை எதையும் கழிக்கவில்லை.

விற்பனைக்காரப் பெண்ணுக்கு என்ன நடக்கிறதென்று பிடிபடவில்லை. "சார், கேமரா வேணும்னு சொன்னீங்களே?"

"ஆளு இருக்கு," என்றாள் மனைவி. "ரிவர்ஸ்னா இவர் இறங்கிப் பின்னால நிப்பார். நிக்க ஆளில்லேன்னா வண்டி எடுக்கறதில்ல." பிறகு கணவரிடம் தனியாகச் சொன்னாள்: "இன்னொண்ணும் கேட்டுக்கங்க. என் கையில வண்டி இருக்கும்போது யாரு தட்டினாலும், எத்தனை தட்டு தட்டினாலும் நிறுத்திடுவேன். வான்னு சொல்றதா இருந்தா ஜன்னலுக்கு வந்து வாயால சொல்லணும், மெதுவா. திங்கக்கிழமை அந்தக் கழுத்தை டாக்டர்கிட்ட காட்டறோம்."

"திங்கக்கிழமை ஒரு கடை வேலை இருக்கு."

"நான் கேக்கல. சொல்றேன்."

நடு மாடலுக்கு முன்பணம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பழைய வண்டி வெயிலில் நின்றது. அவர் பழக்கத்தில் டிரைவர் பக்கம் போய்க் கதவில் கைவைத்தார். அவள் பின்னாலேயே வந்து, அவர் நகரும்வரை நின்றாள். அவர் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். அந்தப் பக்கத்துக் கதவை உள்ளேயிருந்து எப்படிச் சாத்துவது என்றே அவருக்குத் தெரியவில்லை. மூன்றாவது முறைதான் பிடித்தது.

அவள் கம்பளித்துணியை மடித்துப் போட்டு உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பினாள். அவருக்குக் கைகளை எங்கே வைப்பதென்று புரியவில்லை. மடியில் வைத்தார். எடுத்தார். கதவுப் பிடியைப் பற்றினார். முன்னால் ஒரு பேருந்து நின்றபோது அவருடைய வலது கால் வெறும் தரையைப் பலமாக மிதித்தது.

"அங்க பிரேக் கிடையாது," என்றாள் அவள், ரோட்டிலிருந்து கண்ணெடுக்காமல்.

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் மிதிக்கிறீங்க? தரை ஏற்கெனவே துரு. ஓட்டை விழுந்து கால் ரோட்டுல இறங்கப் போகுது."

"கியரை மாத்து. எஞ்சின் திணறுது."

"எஞ்சின் திணறல. நீங்கதான் திணறுறீங்க."

இரண்டு தெரு போனதும் கால் மறுபடி மிதித்தது. அவள் கியரை மாற்றினாள்.

பெரிய ரோட்டில் ஏறும் இடம் வந்தது. சிக்னல் கிடையாது. அவள் வண்டியை நிறுத்தித் தன் பக்கம் பார்த்தாள். அவருடைய பக்கம் ஒரு லாரி ஓரங்கட்டி மறைத்துக்கொண்டிருந்தது.

"உங்க பக்கம் வண்டி வருதா பாருங்க."

அவர் கழுத்தை இடது பக்கம் திருப்பினார். இந்தப் பக்கம் அது திரும்பும்; ஆனாலும் லாரிதான் தெரிந்தது. வருவதுபோல் இல்லை, போ என்று சொல்ல வாய் வந்துவிட்டது. சொல்லவில்லை. ஜன்னல் விளிம்பை இரண்டு கையாலும் பற்றி, தோளைத் திருப்பி, இடுப்பைத் திருப்பி, சீட்டிலிருந்து பாதி எழுந்து, முழு உடம்போடு வெளியே எட்டிப் பார்த்தார். பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். அவர் அவசரப்படவில்லை. லாரிக்கு அப்பால் ரோடு தெரிகிறவரைக்கும் எட்டிக்கொண்டே இருந்தார்.

"இரு," என்றார். "ஒரு சைக்கிள் வருது. போகட்டும்."

சைக்கிள் போயிற்று.

"இப்ப வா."